நெத்தலி காட்டிய திசை

ஒன்பது புதன்கிழமைகள் தொடர்ந்து தோற்றவனிடம் நிதானத்தை எதிர்பார்க்க வேண்டா. நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதினாலும் ஒற்றுப்பிழை வராது. அது முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்ததன் பயன். வேறு பயன் ஏதும் இருந்ததா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என்னைத் தோற்கடித்தவன் பெயர் டைட்டஸ். என் மனைவி கிளாராவின் தம்பி. அரபு நாட்டில், தமாமில், இருபது ஆண்டுகள் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கடற்கரையெங்கும் படகுகளை வாரி வழங்கியதல்லவா? அவற்றுள் சில, கடலுக்குப் போக இயலாத அளவுக்குச் சிறியவை. நான்கு ஆண்டுகளாக அவற்றின் அடியில் நாய்கள் குட்டி போட்டு வந்தன. அவற்றில் இரண்டை டைட்டஸ் வாங்கினான். பாய்மரம் நட்டான். டெம்போவில் ஏற்றி, நாகர்கோவிலின் விளிம்பில் எங்கள் வீட்டருகே இருக்கும் பெரிய குளத்தில் கொண்டுவந்து இறக்கினான்.

2009ஆம் ஆண்டு அப்படித்தான் எங்கள் புதன்கிழமைப் பந்தயம் தொடங்கியது. நாங்கள் நால்வர். ஒரு படகில் டைட்டஸ் சுக்கான் பிடிப்பான். பக்கத்து வீட்டுக் கோலப்பன் பாய் பிடிப்பார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மறு படகில் சுக்கான் என்னிடம். பாய், கோட்டாறு முகம்மது ஹனீபாவிடம். ஐந்து மணிக்குக் கிழக்குப் படித்துறையில் புறப்பட்டு, மேற்கே இருக்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஹனீபாவின் மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கு முன் முடித்துவிடுவோம். விதிகளை நான் எழுதினேன். இருபத்துமூன்று விதிகள். படியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். அன்று மாலையே டைட்டஸ் தன் படியில் மிக்சர் பொதிந்து தின்றான்.

முதல் புதன்கிழமை புறப்படும்போது கிளாரா வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, நானும் ஒரு நாள் வரட்டா?”

“எதற்கு?”

“சுக்கான் பிடிக்க.”

நான் சிரித்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், சற்று அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதியோ. கொளச்சல்ல எனக்க அப்பனுக்க வள்ளத்துல பதிமூணு வயசுல சுக்கான் பிடிச்சவளாக்கும் நான். ஆளு தெரியாம இருக்க அப்பனுக்க சட்டையப் போட்டுட்டுப் போவேன்.”

“‘எனக்க’ அன்று. ‘என்’.”

“செரி, என். வரட்டா?”

“வேண்டா. அது விளையாட்டன்று; நுணுக்கம்.”

“அப்ப காத்தாவது சொல்லட்டா? இன்னைக்கு அஞ்சரைக்குத் தெக்க இருந்து அடிக்கும். வடகரையப் பிடிச்சுப் போங்கோ.”

“காற்றைப் பற்றி எனக்கே பாடமா? தென்றல், வாடை, கொண்டல், கோடை. நான்கையும் முப்பத்துநான்கு ஆண்டுகள் நடத்தியவன் நான்.”

“பேரு செரிதான். எப்ப வரும்னு பிள்ளியளுக்குச் சொன்னியளா?”

“நேரமாகிவிட்டது” என்று சொல்லிப் புறப்பட்டேன்.

குளத்தின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். தென்கரை வழி குறுக்கு வழி. மேற்கிலிருந்து காற்று அடித்தால் அதுவே நல்ல வழி. ஆனால் தென்காற்று அடித்தால், தென்கரையில் இருக்கும் தென்னந்தோப்பு காற்றை மறைத்துவிடும், படகு நின்றுவிடும். அன்றைக்கு வடகரைதான் வழி. ஆக, ஐந்தரை மணிக்கு எந்தக் காற்று வரும் என்பதை ஐந்து மணிக்கே அறிந்தவன் வெல்வான். நான் அறியவில்லை. ஒன்பது முறை அறியவில்லை. நான் தெற்கே போனால் தென்காற்று வந்தது. வடக்கே போனால் மேல்காற்று வந்தது. காற்றுக்கு என்மேல் தனிப்பட்ட பகை இருந்ததாகவே கருதினேன். டைட்டஸோ ஒரு நாள்கூடத் தவறவில்லை.

“அத்தான், புத்தகத்தக் கொஞ்சம் கீழ வச்சிட்டு மானத்தப் பாருங்கோ” என்பான் கரையில் நின்றுகொண்டு.

ஒவ்வொரு புதன்கிழமையும் கிளாரா காற்றைச் சொல்வாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன். திரும்பி வரும்போது அவள் சொன்னதே நடந்திருக்கும். அவளிடம் கேட்டு நடப்பதா? ஒருபோதும் இல்லை. ஆனால் கேட்காமலே தெரிந்துகொண்டால்? அதில் இழுக்கு ஏதும் இல்லையே!

வழி கிடைத்தது. கிளாரா மாடியில் சுளவு, அதாவது முறம், நிறைய நெத்தலி காயவைப்பாள். வடக்கே அடுத்த வீடு கோலப்பனுடையது. அவர் மனைவி பூங்கனி சைவம். மீன் வாடை பட்டால் மூன்று நாள் சாப்பிடமாட்டார். நான்காம் நாள் சண்டைக்கு வருவார். அதனால் தென்காற்று வரப்போகும் நாளில் கிளாரா நான்கு மணிக்கே சுளவைக் கீழே இறக்கிவிடுவாள். மேல்காற்று நாளில் சுளவு பொழுது சாயும்வரை மாடியில் கிடக்கும்.

சுளவு மாடியில் இருந்தால் மேல்காற்று. கீழே இறங்கினால் தென்காற்று. வானிலை நிலையம் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! பத்தாம் புதன்கிழமை நான்கேகாலுக்கு மாடி ஏறினேன்.

“என்னது, மாடிக்கு?” என்றாள் கிளாரா, படியின் கீழிருந்து.

“காற்று வாங்க.”

“வாங்குங்கோ, வாங்குங்கோ.”

சுளவு இல்லை. வடகரையைப் பிடித்தேன். வென்றேன்! அடுத்த வாரம் சுளவு இருந்தது. தென்கரை. வென்றேன். நான்கு வாரம் தொடர்ந்து வென்றேன். டைட்டஸின் முகம் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போலாயிற்று.

“இது எப்படி அத்தான்?”

“நூலறிவு” என்றேன்.

அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்பது தோல்விக்கு நான்கு வெற்றி ஈடாகுமா? அவனைச் சுக்கானிலிருந்தே இறக்க வேண்டும். கோலப்பன் சுக்கான் பிடிக்க, அவருக்குக் கீழே டைட்டஸ் பாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என் கண்ணால் காண வேண்டும். இருபத்துநான்காம் விதியை எழுதினேன்: “பருவத்தின் இறுதிப் போட்டியில் தோற்கும் படகின் சுக்கானை, வென்ற படகைச் செலுத்தியவர் சுட்டும் ஒருவர் அடுத்த ஓராண்டுக்குப் பிடிப்பார்.” டைட்டஸ் கையெழுத்திட்டான். சாட்சிக்குக் கிளாராவை அழைத்தேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“செயிக்கிற ஆளு யார வேணும்னாலும் சொல்லலாமா?”

“யாரை வேண்டுமானாலும்.”

“பொறகு பேச்சு மாறப்பிடாது.”

“நான் எழுதிய விதியை நானே மீறுவேனா?”

கையெழுத்திட்டாள். அழகான கையெழுத்து. அதையும் அன்று பாராட்டினேன்.

இறுதிப் புதன்கிழமை. நான்கேகால். மாடி. சுளவு வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. மேல்காற்று! கோலப்பன் வீட்டுப் பக்கம் பார்த்தேன். சன்னல்கள் அத்தனையும் அடைத்திருந்தன. புழுங்கும் மாலையில் ஒரு வீடு ஏன் இப்படி அடைத்துக்கிடக்கிறது என்று, நல்லாசிரியனாயிருந்தால், கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

“சாரே, எந்தக் கரை?” என்றார் ஹனீபா.

“தென்கரை.”

“உறப்பா?”

“உறுதியாக.”

அரைமணி நேரம் பறந்தோம். தென்னந்தோப்பை நெருங்கினோம். பாய் ஒரு முறை பெருமூச்சு விட்டது. பிறகு காய்ந்த வாழையிலை போலத் தொங்கிவிட்டது.

“சாரே, காத்தக் காணல்லையே.”

“வரும்.”

“வந்துட்டு சாரே. அன்னா, டைட்டஸுக்க பாயில இருக்கு.”

வடகரையோரம் அவன் படகு சாய்ந்து சீறிக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான். நாங்கள் கடைசியில் கையால் துழாவித்தான் கரை சேர்ந்தோம். இரண்டு ஓய்வூதியர்கள், நான்கு கைகள்.

படித்துறையில் கோலப்பன் இருபத்துநான்காம் விதியை விரித்து வைத்திருந்தார். அவருடைய படி மட்டும் மிக்சர் எண்ணெய் படாமல் இருந்தது.

“சொல்லு டைட்டஸ். வாத்தியாருக்க சுக்கான் ஆருக்கு?”

டைட்டஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அக்காவுக்கு.”

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. கதவைத் திறந்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி விழுந்தது.

“கிளாரா! இன்று தென்காற்று! சுளவு ஏன் மாடியில் இருந்தது?”

“மறந்துட்டேன்.”

“பொய்!”

“செரி, பொய்யாக்கும்.” அவள் நெத்தலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். “முப்பத்தி ரெண்டு வருசமா மாடி ஏறாத மனுசன். துணி நனையுது, எடுத்துட்டு வாங்கோன்னு தொண்ட கிழியக் கத்துனாலும் ஏறாத மனுசன். புதன்கிழமன்னா மட்டும் நெத்தலியக் கும்பிடப் போனா எனக்கு வெளங்காதா?”

“முதல் நாளே தெரியுமா?”

“மொத படியிலயே தெரியும்.”

“அப்படியானால் அந்த நான்கு வெற்றி? அதையாவது நூலறிவு என்று…”

“டைட்டஸ தோக்கச் சொன்னேன். அவன் பொறந்த நாள்லேருந்து எனக்க சொல்லத் தட்டமாட்டான். மொத ஒம்பது வாரமும் மத்தியானம் போன் போட்டுக் காத்தக் கேட்டுட்டுத்தான் அவன் எறங்குனது. உங்களுக்கும் நான் சொல்லத்தானே செஞ்சேன்?”

“பூங்கனி?”

“காலையிலயே போய்ச் சொன்னேன். இன்னைக்கு ஒரு நாள் சன்னல அடச்சிட்டு இருங்கோ, ஒரு பெரிய மீனப் பிடிக்கணும்னு.”

“இது சூழ்ச்சி! இது வஞ்சகம்! குடும்பமே சேர்ந்து செய்த சதி!”

“கத்தாதியோ, தொண்ட கெடும். முப்பத்தி ரெண்டு வருசத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஒரு புதன்கிழம. கேட்டப்ப என்ன செஞ்சிய?”

சிரித்திருந்தேன். அதைச் சொல்ல முடியாமல் மேலும் கத்தினேன். விதியைக் கிழிப்பதாகச் சொன்னேன். அவள் எழுந்துபோய்ப் பேனாவையும் தாளையும் கொண்டுவந்து வைத்தாள்.

“கிழியுங்கோ. ஆனா, ஏசுஅடிமை வாத்தியாரு தான் எழுதுனதத் தானே மீறினாருன்னு அடியில ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கோ. நாலு படி எடுக்கணும்.”

நான் கிழிக்கவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் புதன்கிழமை ஹனீபாவுக்குத் திடீரென்று மூட்டு வலித்தது. அதுவரை அம்மனிதருக்கு மூட்டு இருப்பதாகவே நான் கேள்விப்பட்டதில்லை. “நீங்க ரெண்டுபேரும் போங்கோ சாரே” என்று கரையில் அமர்ந்து வேர்க்கடலை உரிக்கத் தொடங்கினார். பாய்க்கயிறு என் கையில் வந்தது. கிளாரா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுக்கானருகே உட்கார்ந்தாள். குளத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. கன்னத்தை மட்டும் இலேசாகத் திருப்பினாள். அவ்வளவுதான்.

டைட்டஸ் இம்முறை உண்மையாகவே முயன்றான். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். பாறையைச் சுற்றும்போது எங்களுக்கும் அவனுக்கும் நான்கு படகு நீளம் இடைவெளி இருந்தது. நாங்கள் முன்னால்! என் வாழ்நாளில் அப்படகு அவ்வளவு வேகமாகப் போனதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, படகு திரும்புது. பாய் இந்தப் பக்கம் வரும். தலையக் குனியுங்கோ.”

முப்பத்துநான்கு ஆண்டுகள், நான் வகுப்பில் நுழைந்தபோதெல்லாம் ஐம்பது பேர் எழுந்து நின்றார்கள்.

குனிந்தேன்.