முப்பது அடி உயரத்தில் ராகு காலம்

ஜார்ஜ் டவுன்,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

சாத்தப்பன் அண்ணன் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி முத்தம்மையும் மகள் நித்யாவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கோலாலம்பூரில் ஐம்பதாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு நீ பல்லைக் காட்டுகிற படம்தான் தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறதே. அங்கே எழுதினால் எல்லாரும் படிப்பார்கள் என்பதால் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

பேங்க் வேலையை உதறிவிட்டு நீ கயிறு கட்டி இறங்கிக் கட்டடங்களில் விரிசல் பார்க்கப் போனபோது, ஆறே மாதத்தில் திரும்பிவிடுவாய் என்று நம்பினேன். நம்பினேன் என்ன, ஆசைப்பட்டேன். நீ திரும்பவில்லை. கல்யாண வீடுகளில் உன்னைச் சுற்றித்தான் கூட்டம். நான் இருபத்திரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, அடுத்தவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த கதையைப் படித்து முத்திரை குத்துகிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நித்யா பள்ளிக்கூடத்துக்கு 'எங்கள் வீட்டு வீரர்' என்று ஒரு கட்டுரை எழுதினாள். நாலு பக்கமும் நீதான். என்னைப் பற்றி ஒரே வரி: "அப்பா ஆபீசுக்குப் போவார், வருவார்." எனக்கு வயிறு எரிந்தது தம்பி, மறைப்பானேன்.

அதனால் நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கிற மாக் மண்டினில் உன் மாதிரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் எடுக்கிற ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ராகு காலம் என்பதால் ரெண்டரைக்கே ஏறுகிறேன் என்று சொல்லி, இடுப்பிலும் தொடையிலும் வாரைப் போட்டு இறுக்கி, பயிற்சி தருகிற ஹஸ்ருல் கீழே நின்று சொல்லச் சொல்ல பயிற்சிக் கோபுரத்தில் முப்பது அடி ஏறியும் விட்டேன். நம்ப மாட்டாய், பரவாயில்லை. அங்கிருந்து கடலும் ஃபெரியும் தெரிந்தன, ஆபீஸ் ஞாபகமே வரவில்லை, இந்தச் சுகத்தையா இவன் நாலு வருஷமாகத் தனியாக அனுபவிக்கிறான் என்று உன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. சரி, இறங்கலாம் என்று ஹஸ்ருல் சொல்லவும் இடுப்பில் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. முத்தம்மைதான். மணி மூணு ஆயிடுச்சு, இப்ப புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க, நாலரை வரைக்கும் இருக்கிற எடத்திலேயே இருங்க என்றாள். ஏறியது ஒரு காரியம் என்றால் இறங்குவது புதுக் காரியம்தானே? நான் இறங்கவில்லை.

ஹஸ்ருல் தமிழிலும் மலாயிலும் கெஞ்சிப் பார்த்தார். "அண்ணே, எறங்குங்க லா, தே தண்ணி ஆறிப்போவுது" என்றார். ஒன்றரை மணி நேரம் அசையாமல் தொங்கினேன். ராகு காலம் பாதி, பயம் பாதி. நாலரைக்கு இறங்கியபோது அவர் படிவத்தில் ஏதோ கிறுக்கினார். அந்த வேலை அதோடு போச்சு என்று புரிந்தது. வீட்டில் முத்தம்மை, நான் தொங்கிக்கொண்டே போனில் சொன்னதையெல்லாம் நித்யாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். நித்யா என்னைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஆகவே மூத்தவனாகச் சொல்கிறேன், இந்த வீரமெல்லாம் நம் குடும்பத்துக்கு ஆகாது. இந்த மாதமே ராஜினாமா கொடுத்துவிட்டுப் பேங்குக்கே திரும்பு. இதில் பொறாமை துளியும் இல்லை. உன்னைப் பெற்ற சித்தப்பாவுக்கும் சித்திக்கும் எங்கள் வணக்கம். முருகன் உன்னைத் தரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் சாத்தப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹஸ்ருல் போன் செய்தார். விரிசலைக் குறித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்க ஆள் கிடைப்பதில்லையாம். இவ்வளவு பொறுமை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் என்றேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார், ராகு காலம் ஒன்பதுக்கு முடிந்ததும் போகிறேன். நித்யா நேற்று அறைக்குள் போனது கட்டுரையைத் திருத்தத்தான். என் வரியை அடித்துவிட்டு, "அப்பா இறங்க மறுத்தார்" என்று எழுதியிருக்கிறாள். நீ வேலையை விட்டுவிடாதே தம்பி. தனியாகத் தொங்க எனக்குப் பயமாக இருக்கிறது.