டெல்லி செட்டும் மேடின் அண்ணனும்

திருவண்ணாமலையில் கையில் எடுத்த பொருளைத் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் மேடின் அண்ணன்தான். காபி டம்ளரைக்கூடத் திருப்பிவிடுவார். காபி உள்ளே இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். 'மேட் இன்' என்று எங்கே அச்சடித்திருந்தாலும் படித்து, அது பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஃபாரின் சரக்கு என்றால் ஊரே வாயைப் பிளந்த காலம். தேரடித் தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த இவரோ, டெல்லியிலிருந்து வந்த டார்ச் லைட்டில் 'ஜப்பான்' என்றிருந்தால் அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டி, 'சொந்த ஊர் டெல்லி. நல்லா எரியும்' என்று எழுதிவைப்பார். பக்கத்துக் கடைக்காரர் அதே டார்ச்சைச் சீட்டு ஒட்டாமல் விற்று மாடி கட்டினார்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட வந்தார். சுவிட்சர்லாந்து கடிகாரம் என்று அவருக்கு ஏகப் பெருமை. திறந்து பார்த்த அண்ணன், "சாரி சார், ஹாங்காங்" என்றார், சாவுச் செய்தி சொல்லும் குரலில். அந்த மனிதர் துறவறத்தில் பாதித் தூரத்தை அங்கேயே கடந்துவிட்டார்.

இப்பேர்ப்பட்டவரை என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா அழைத்துத் தொலைத்தார். அழைக்காமலும் முடியாது. அப்பாவிலிருந்து நான் வரை தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணன்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், வேங்கிக்காலில் சர்க்கார் உத்தியோகம். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, ஜப்பான் டேப்ரெக்கார்டர். அப்பா சென்னைக்குப் போய், கடைக்காரர் செய்த சத்தியத்தை நம்பி ஒன்றை வாங்கி வந்து, பூச்சுற்றித் தட்டில் வைத்தார்.

தட்டு மாற்றுவதற்குள் மேடின் அண்ணனின் கை நீண்டது. செட்டைத் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வந்தது. அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். மூடி கழன்றது.

"டெல்லிங்க. உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ல அடிச்சிருக்கு பாருங்க. ஆனா நல்லாப் பாடும்."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "எங்கள இன்னான்னு நெனச்சீங்க? ஏமாத்திப் பொண்ணக் கட்டலாம்னு பாத்தீங்களா? டேய், கெளம்புடா!"

கதவுக்குப் பின்னால் அக்கா அழ ஆரம்பித்தாள். எனக்கு அண்ணனைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. அவரோ யாரையும் கவனிக்கவில்லை. எதிர்த்தட்டில், மாப்பிள்ளை வீட்டார் வந்ததிலிருந்து 'காஞ்சிபுரம் பட்டு' என்று பீற்றிக்கொண்டிருந்த நிச்சயப் புடவை இருந்தது. அதையும் எடுத்துத் திருப்பினார். மடிப்புக்குள் தறிக்காரரின் சின்னச் சீட்டு.

"இது ஆரணிங்க. ஜரிகை ஒண்ணும் கம்மியில்ல, நல்ல பட்டு. ஆனா ஆரணி."

எழுந்து நின்ற மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "கடக்காரன் காஞ்சிபுரம்னுதான் சொன்னான்" என்று முனகினார்.

"எங்கிட்டயும் ஜப்பான்னுதாங்க சொன்னான்" என்றார் அப்பா.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. "டெல்லிக்கும் ஆரணிக்கும் சரியாப் போச்சுப்பா. தட்ட மாத்துங்க."

கல்யாணமாகி மறுவருஷம் அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த மேடின் அண்ணன் ஆசையாய்க் கை நீட்டினார்.

"அண்ணா, திருப்பிடாதீங்க!" என்று பதறினாள் அக்கா.

பழக்கம் விடுமா? பதமாகக் குப்புறத் திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டார். பிஞ்சு முதுகைத் தடவிக்கொண்டே, "திருவண்ணாமலைம்மா" என்றார். "அசல்."

கண் கலங்கியிருந்தது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். உலகத்தில் உள்ளதையெல்லாம் திருப்பிப் பார்த்த மனிதரை யாராவது ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால், அவர் முதுகிலும் அதுதான் எழுதியிருக்கும்.