மூன்று பால் மாதிரிகளும் ஒரு விளக்கமும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், மாடு நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமென்று, ஆய்வகக் கவரில் தபால்தலை கோணாமல் ஒட்டியிருப்பதிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

நீ வேலைபார்க்கும் ஆய்வகத்துக்குப் பாலை அனுப்பச் சொன்னது மாட்டு டாக்டர்தான், நானாக அனுப்பவில்லை. இடது பின்காம்பில் பால் திரித்திரியாக வந்தது, மடி கல்லாக இறுகித் தொட்டால் சுட்டது, கன்றை அவிழ்த்துவிட்டால் அதற்கும் உதை, எனக்கும் உதை. முதல் அறிக்கையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. கறப்பவர் கையால் பரவும், மருந்துக்குக் கேட்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். கறப்பவர் நான்தானே, நேராகவே திட்டியிருக்கலாம். மருந்து ஏற்றி ஒரு மாதத்தில் மறுபடி வீக்கம். இரண்டாவது அறிக்கையில் ஸ்டஃபைலோகாக்கஸ். அது மடிக்குள் ஒளிந்திருந்து, போனதுபோல் போய்த் திரும்பி வருமாம். கிருமிக்குக்கூடத் திரும்பி வரத் தெரிகிறது பார்!

கூடவே ஓர் அச்சுத்தாள். பால் மட்டும் கெட்டால் லேசு, மடியும் வீங்கினால் நடுத்தரம், மாடே காய்ச்சலில் தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் கடுமை. நாலு வருடமாக ஒற்றை ஆளுக்குச் சமைத்து அதிலும் பாதியைக் கொட்டுகிற நான் இதில் எந்த வகை என்று டாக்டரைக் கேட்டேன். "நீங்க முதல்ல தங்கச்சிக்குப் போன் போடுங்க சார்" என்றார். போட்டேன். "சாம்பிள் நம்பர் சொல்லுங்க" என்றாய். நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

"மாட்டை வித்துட்டு எங்ககூட வந்து இருண்ணா" என்று, கடைசியாக இங்கே வந்த அன்று நீ சொன்னது அக்கறையில்தான். "என் மாட்டை விக்கச் சொல்ற வாயால என் வீட்ல சாப்பிடாதே" என்று நான் கத்தியது தப்பு. நீ பாதித் தட்டில் எழுந்துபோனாய். அந்த நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. நகர்த்த யார் இருக்கிறார்கள்? என்னை மன்னித்துவிடு.

இப்போது மூன்றாவது மாதிரியும் அனுப்பியிருக்கிறேன். நிலைமை கடுமை. ஈ.கோலை கிருமியாக இருக்கலாம், சாணியிலிருந்து மடிக்குள் ஏறி ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும் என்கிறார் டாக்டர். தபாலில் பார்க்கிற நோயில்லை இது, நேரில் வந்து பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, உனக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மூன்றாவது அறிக்கை வந்துவிட்டது. கிருமி எதுவும் இல்லையாம். அடியில் பேனாவால், "இது கடையில வாங்கின பாக்கெட் பால். ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன்" என்று எழுதியிருக்கிறாய். மாடு குணமாகிப் பத்து நாளாகிறது. ஆகவே மேலே உள்ளதில் மன்னிப்புக் கேட்டதைத் தவிர வேறெதையும் நம்பாதே.