மொட்டை டயருக்கு நான் செய்த உபகாரம்

அன்பு மைத்துனன் கிருஷ்ணசாமிக்கு, விழுப்புரத்திலிருந்து மாமன் சுப்பராயலு எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். திண்டிவனத்தில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க மயிலம் முருகன் துணை.

என் மகள் கலைப்பிரியாவுக்கு நீ கொண்டுவந்த வரனுக்குப் பதில் கேட்டிருந்தாய். கார் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் காரை விற்றுவிட்டுப் பெண் பார்க்கச் சம்மதிப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்தது.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டாள், ஏசியைக் கழற்றிவிட்டாள், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டாள், கேட்டால் அப்கிரேடு என்கிறாள். எடை குறைந்தால் வேகம் கூடுமாம், தாழ்ந்திருந்தால் வளைவில் சாயாதாம். சரி என்று விட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை வண்டியை லாரியில் ஏற்றும்போது பார்க்கிறேன், நாலும் மொட்டை டயர், பேருக்குக்கூட ஒரு கோடு இல்லை. இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? மறுநாள் பந்தயத் தடத்துக்குப் போகிற வழியில் உங்கள் ஊரிலேயே நாலு புது டயர் ரிம்மோடு வாங்கிப் போய், மெக்கானிக் பிரவீன்குமார் சாப்பிடப் போன நேரத்தில் ஜாக்கி போட்டு நானே மாட்டிவிட்டேன். நேரமாகிவிட்டதென்று ஓடிவந்து ஏறியவள் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் யார் முன்னால், யார் பின்னால் நின்று புறப்படுவது என்று முடிவாகும் ஓட்டம் அது. பதினாலு வண்டியில் பதினாலாவதாக வந்தாள்.

இறங்கி டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படவே இல்லை.

"அப்பா, கோடு மழைத் தண்ணியத் தள்றதுக்குப்பா. காஞ்ச ரோட்டுல ரப்பர் முழுசா ஒட்டிக்கினு போனாதான் பிடிப்பு."

ஞாயிறு காலை பந்தயத் தடம் முழுவதும் நடந்து, உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வளைவில் காற்று மணலை வாரிப் போட்டிருந்தது. மதியம் தார் கொதிக்கும், அந்தச் சூட்டில் ஆரம்பத்திலேயே விரட்டினால் டயர் இளகி வழுக்கும் என்றாள். பழைய மொட்டை டயரோடு பொறுமையாகப் புறப்பட்டாள். அவசரப்பட்டவர்களெல்லாம் அந்த மணலில் வழுக்கி அகன்று போக, இவள் உள்பக்கமாக ஒவ்வொருவராகத் தாண்டினாள், ஒன்பது, ஏழு, ஐந்து, நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்தலில் தொண்டை கட்டிப்போச்சு மைத்துனா, என் சர்வீஸில் இப்படி ஒரு டிரைவரைப் பார்த்ததில்லை. கடைசியில் நாலாவது. மூன்றாவது வண்டிக்கும் அவளுக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

நேராக என்னிடம் வந்தாள். "நாலாவதுதாம்ப்பா. பேசினது பேசினதுதான்" என்று சாவியை என் கையில் வைத்தாள். டயர் விஷயத்தை உன் அக்காவிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஆகவே மாப்பிள்ளை வீட்டாரை வருகிற வெள்ளிக்கிழமை அழைத்து வரவும். கார் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கவும். உன் மனைவிக்கு எங்கள் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
சுப்பராயலு

பி.கு: உறையை ஒட்டப் போனேன், மனசு வரவில்லை. அவளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான், தண்டனை அவளுக்கா? யாரையும் அழைத்து வராதே, காரைப் பற்றி யாரிடமும் பேசாதே. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பயிற்சி ஓட்டம் இருக்கிறது. ஜாக்கி பிடிக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.