சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டார்கள்

மரியாதைக்குரிய தமக்கையார் ஸ்த்ராவ்கா அவர்களுக்கு,

யார்க்‌ஷயர் மலையிடுக்கிலிருந்து தம்பி தோப்ரோமிர் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் நானும் நெவெனாவும் மழைக்கு நடுவே நலம். அவ்விடம் பல்கேரியாவில், பிளெவெனில் தாங்களும், அத்தானும், தங்கள் இடது முழங்காலும் சௌகரியமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறோம். தாங்கள் அனுப்பிய மிளகாய்ப் பொடிப் பொட்டலம் வந்து சேர்ந்தது. அதன் ஒரு ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. யார் பிரித்தார்கள், எதற்குப் பிரித்தார்கள் என்று தெரியவில்லை. மனதில் வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு தொலைபேசியில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டீர்கள், சளி என்றேன். சளி இல்லை, குரலைத் தாழ்த்திப் பேசினேன். இங்கே சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டில் கிளிஃபர்ட் பாரக்ளோ தும்மினால் நெவெனா எங்கள் சமையலறையில் இருந்தபடி நூறாயுசு என்கிறாள். நம் பாஷை அவருக்குத் தெரியாதே என்று தாங்கள் சொல்லலாம். தெரியாது என்று அவர்தானே சொல்கிறார்? ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பேருந்து நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'வியாழன் மதியம் இரண்டு மணிக்கு, முடிந்தால், சும்மா ஒரு பேச்சுக்கு எட்டிப்பார்த்தால் மகிழ்ச்சி. நிறுத்தங்களைத் தாங்கள் அறிவிக்கும் விதம் பற்றி. கவலைப்பட ஒன்றுமில்லை.' கீழே மேலாளர் பெவர்லி சட்கிளிஃப் என்று கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் பேனாவால் போட்ட ஒரு சிரித்த முகம். அக்கா, எழுபத்துநாலாம் வருஷம் அப்பாவைக் கூப்பிட வந்த ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் சும்மா ஒரு பேச்சுக்கு என்றுதான் சொன்னார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடமும் சொன்னார்கள். போன மனுஷன் பதினோரு மாதம் கழித்து, பாதி எடையில் வந்தார். உனக்குத் தெரியாததா? அவர்களாவது சிரித்த முகம் போடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பிப்ரவரியில் என் பேருந்தில் நிறுத்தம் சொல்லும் இயந்திரத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது கல்லறைத் தோட்டம் என்று அழகான பெண் குரலில் அறிவித்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பழுது பார்க்கும்வரை ஓட்டுநரே வாயால் சொல்லவேண்டும் என்று உத்தரவு. சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியவன், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பும் குரல், ஊர்ப்பெயர் சொல்ல எனக்கா தெரியாது? ஆனால் இவர்கள் ஊர்ப்பெயர் வைத்திருக்கும் லட்சணத்தைக் கேள். ஸ்லேத்வெயிட் என்று பலகையில் எழுதிவிட்டு ஸ்லாவிட் என்கிறார்கள். லின்த்வெயிட் என்று எழுதிவிட்டு லின்ஃபிட் என்கிறார்கள். நடுவில் இருந்த எழுத்துகளை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நான் எழுத்துக்கு மரியாதை கொடுப்பவன். பலகையில் இருந்தபடி, ஒன்று விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையில் சிரிக்க என்ன இருக்கிறது?

கடிதத்தை நெவெனா நாலு தரம் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்க, அவர் இந்த ஊர்க்காரர், உள்ளர்த்தம் தெரியும் என்றாள். எனக்கு இஷ்டமில்லை. கிளிஃபர்ட் தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர், அதாவது அடுத்தவர் கடிதங்களோடு பழகியவர். அதோடு நாங்கள் குடிவந்த முதல் வாரமே, நான் பல்கேரியா என்றதும், அப்ப குழாய் வேலையெல்லாம் அத்துப்படியா இருக்குமே என்று சொல்லி அவர் சமையலறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் பூகோள ஆசிரியன் என்பதை இங்கிலீஷில் சொல்ல எடுக்கும் நேரத்தில் குழாயைக் கழற்றுவது சுலபமாகத் தெரிந்தது. கழற்றினேன். கூரை வரை தண்ணீர் அடித்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த மனுஷர், "பரவாயில்ல கண்ணு, இதைவிட மோசமாகூட ஆகியிருக்கலாம்" என்றார். இதைவிட மோசம் என்று எதை நினைத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இன்னொன்று, இங்கே ஆண்பிள்ளைகளே ஆண்பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று பணிமனையில் மீசை வைத்த ஒரு தடியன், சாவி இந்தாங்க கண்ணு என்றான். அன்று முழுக்க அவன் பக்கம் திரும்பாமலே வண்டி எடுத்தேன்.

சரி, கடிதத்தைக் காட்டினேன். கிளிஃபர்ட் படித்தார். என்னிடம் பேசும்போது அவர் குரல் தானாக உயர்ந்துவிடும், வேகம் பாதியாகிவிடும், கை வேறு பேசும். "ஒண்ணும் இல்ல. சும்மா. பேச்சு," என்று சொல்லி, பேச்சு என்பதற்கு வாயருகே விரல்களை வாத்து அலகு மாதிரி திறந்து மூடிக் காட்டினார். நானும் மரியாதைக்கு அதே சத்தத்தில், அதே வேகத்தில், "அப்படியா. எனக்கு. சந்தேகம்," என்றேன். வேலியின் இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் கப்பலில் இருந்து கரைக்குக் கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தோம். அவர் மனைவி மாரீன் வெளியே வந்து, "புதன்கிழமை ரெண்டு பேரும் டீக்கு வாங்க, உக்காந்து பேசலாம்," என்றாள்.

டீதானே, வெறும் வயிற்றோடு போனால் பசிக்கும் என்று நெவெனா பீன்ஸ் சூப்பும், அடைத்த குடமிளகாயும், பாதி ரொட்டியும் வைத்து எனக்கு ஊட்டாத குறையாகப் போட்டாள், தானும் சாப்பிட்டாள். ஐந்து மணிக்குப் போகிறோம், மேஜை மேல் ஒரு தொட்டி அளவுக்கு, மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், மலையாக உருளைக்கிழங்கு, பட்டாணி, பின்னால் அடுப்பில் ஏதோ இனிப்பு. டீயைக் காணோம். இந்தப் பக்கத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயரே டீயாம், ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்குப் போட்டதைத் திருப்பித் தள்ளுவது நம் வழக்கமா? சாப்பிட்டோம். மாரீன் இன்னொரு கரண்டி போட வரும்போதெல்லாம் நெவெனா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். இவர்கள் எதற்கு இப்படித் தின்னவைக்கிறார்கள், நாளை பேச்சு வரக்கூடாது என்றா என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. கிளம்பும்போது கிளிஃபர்ட் என் தோளைத் தட்டி, "உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு," என்றார். அக்கா, உண்மையிலேயே நன்றாகப் பேசுகிறவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அத்தானிடம் யாராவது உங்க பல்கேரியன் ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார்களா?

வியாழன் காலை முழுக்கக் கண்ணாடி முன்னால் பயிற்சி. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விடும் அந்தப் பாழாய்ப்போன எழுத்துக்கு மட்டும் கண்ணாடியை மூன்று தரம் துடைக்கவேண்டி வந்தது. கோட்டு மாட்டினேன். நெவெனா கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து என் பையில் வைத்தாள். அவளுக்கும் அப்பா கதை தெரியும்.

அறையில் பெவர்லி சட்கிளிஃப் இருந்தாள், பக்கத்தில் கணினியும் ஒலிவாங்கியும் வைத்துக்கொண்டு பெயர் சொல்லாத ஒரு பெண். பெவர்லி ஒரு கட்டு காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். "உங்களைப் பத்தி எங்களுக்குக் கொஞ்சம் கடிதம் வந்திருக்கு," என்றாள். கொஞ்சமா, நாற்பதுக்குக் குறையாது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாளாக மனப்பாடம் செய்ததை எழுந்து நின்று சொன்னேன். டான்யூப் நதி எத்தனை தேசம் வழியாகப் போகிறதென்று இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், என் நாக்கு உங்கள் ஊரில் பிறக்கவில்லை, அது குற்றமானால் வண்டிச் சாவி இதோ இருக்கிறது, ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு பயணியைக்கூடத் தப்பான இடத்தில் இறக்கினதில்லை என்றேன். அப்புறம் பெவர்லி, "நீங்க சொன்னது ரொம்ப உபயோகமா இருந்துச்சு, நன்றி," என்றாள்.

அதற்குப் பின் அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். நாங்க ஒண்ணு நினைச்சோம், அசட்டு யோசனையாகூட இருக்கலாம், உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, ஒருவேளை, எப்பவாவது, என்று போய்க்கொண்டே இருந்தது. வினைச்சொல் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் முடிந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. ஒரு பேச்சில் இரண்டு தரத்துக்கு மேல் அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு பொறுமை வரும் பாரு அக்கா, கோபத்தைத் தாங்கிக்கலாம், அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியல. ஒன்பது வருஷமா அதைப் பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் புரியாததுக்கும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

கடைசியில் நிறுத்தங்களின் பட்டியலை என் முன்னால் நகர்த்தி, இதையெல்லாம் ஒருதரம் ஒலிவாங்கியில் வாசிப்பீங்களா, கட்டாயம் ஒண்ணும் இல்ல என்றாள். சாட்சிக்குப் பதிவு செய்கிறார்கள் என்று எனக்கு உடனே பிடிபட்டது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்கிறாய்? நம் ஊர் மாதிரி, மேலும் கீழும். அது இவர்களுக்குச் சரி என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக வேண்டாம் என்றால் பக்கவாட்டில் ஆட்டவேண்டும் என்று கழுத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் கோபம் வந்தால் கழுத்து ஊருக்குப் போய்விடுகிறது. பெயர் சொல்லாத பெண் பொத்தானை அமுக்கினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. இனி என்ன, தூக்குமேடை ஏறியவன் தலைமுடி கலைந்ததென்று கவலைப்படுவானா? அறுபத்தோரு நிறுத்தத்தையும் வாசித்தேன், ஒவ்வொரு எழுத்தையும், ஊமை எழுத்து உட்பட. ஸ்லேத்வெயிட்டை மட்டும் வேண்டுமென்றே நீட்டினேன். முடித்ததும் பெவர்லி பிரமாதம் என்றாள், விரைவில் தொடர்புகொள்கிறோம் என்றாள். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் மறுபடி கட்டாயம் வருகிறேன் என்று உன்னிடம் சொல்லும் சித்தப்பா எத்தனை தரம் வந்திருக்கிறார்? அந்தத் தொடர்புதான் இது.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். அவர்கள் போ என்று சொல்வதற்கு முன்னால் நானே போகிறேன் என்று சொல்லப்போகிறேன். இந்த மாதக் கடைசியில் நானும் நெவெனாவும் புறப்படுகிறோம். அத்தானிடம் சொல்லி உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரி. அங்கே யாரும் என்னைக் கண்ணு என்று கூப்பிட மாட்டார்கள், டா என்பார்கள், அதன் அர்த்தமாவது எனக்குத் தெரியும். பேசினால் பேசினது புரிகிற இடத்தில் மிச்ச நாளைக் கழிக்கலாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயசாகிறது அக்கா, களைத்துப் போய்விட்டேன்.

தங்களுக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும், திராட்சைக் கொடிக்கு நல்ல மழையும், பிள்ளைகளுக்கு நல்ல வரனும் அமைய அந்தக் கன்னிமாதா அருளட்டும். நெவெனா தங்கள் இரு கைகளையும் முத்தமிடுகிறாள்.

தங்கள் அன்புத் தம்பி,
தோப்ரோமிர் சாகரோவ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. தபால் பெட்டியில் போட்டால் யார் பிரிப்பார்களோ என்று பதினேழு நாளாகக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. நேற்று சனிக்கிழமை எனக்கு வேறு வண்டி கொடுத்தார்கள். கிளம்பினதும் கூரையிலிருந்து ஒரு ஆள் கரடுமுரடான நாக்கோடு, பிரம்பைக் கையில் பிடித்த வாத்தியார் மாதிரி, அடுத்த நிறுத்தத்தைச் சொன்னான். எவன்டா இவன், எந்தக் காட்டிலிருந்து பிடித்துவந்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில்தான் அது நான் என்று தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தடியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள், எட்னா கிரீன்வுட் என்று பெயர், சின்ன வயசிலிருந்தே கண் தெரியாது. ஏன் நிறுத்திட்டீங்க என்றாள். இந்தக் குரலை எதுக்குப் போட்டிருக்காங்க தெரியுமா என்று கேட்டேன், என் வாய் திறந்ததும் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நாங்கதான் எழுதிப்போட்டோம் என்றாள். அந்தக் கட்டு முழுக்க அவளும், கண் தெரியாதவர்களுக்கான அவள் சங்கத்துக்காரர்களும், இன்னும் பள்ளத்தாக்கில் இருக்கிற போலந்துக்காரர்கள், சோமாலியக்காரர்கள், காது மந்தமானவர்கள் எல்லோரும் எழுதியதாம். இயந்திரம் சரியானாலும் மறுபடி அந்தப் பெண் குரலைப் போட்டுவிடாதீர்கள் என்று. "அந்தப் பொண்ணு சொல்றதுல எனக்குப் பாதி காத்துல போயிடும்," என்றாள் எட்னா. "நீங்க ஒவ்வொரு எழுத்தையும் என் கையில எண்ணிக் கொடுக்கிறீங்க." என் குரலை எல்லா வண்டியிலும் போட அன்று ஒப்புதல் கேட்டதாகவும், நான் தலையாட்டிச் சம்மதித்ததாகவும் பெவர்லி அவர்களுக்குச் சொன்னாளாம். நல்ல கழுத்து.

வண்டியை எடுத்தேன். கூரையிலிருந்து நானே எனக்கு வழி சொன்னேன். ஸ்லேத்வெயிட் வந்தது, நீட்டின நீட்டலோடு. இந்தத் தடவை சிரித்தது நான்தான். அவரவர் இறங்கவேண்டிய இடத்தில் அவரவர் இறங்கிப் போனார்கள் அக்கா, நான் ஒரு வார்த்தை பேசவில்லை.