மயில் மடியில் ஒரு காதுகுத்து

எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில், ஒரு புதன்கிழமை, மாலை 6.20 என்ற நேரத்துக்கு எதிரே என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "காதுகுத்துப் படங்கள் 143க்கும் பார்டர் போட்டு முடிந்தது. பிழை ஏதும் இல்லை." பால்காரர் வராத நாளையும் மோட்டார் பழுதான நிமிடத்தையும்கூட விடாமல் எழுதி வைக்கும் அந்த ஏட்டில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்க அளந்து அளந்து, தவறு என்பது பிறருக்கு மட்டுமே நேர்வது என்ற எண்ணம் வந்துவிட்டிருந்தது. மகள் மதியின் காதுகுத்துக்கு போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன். மண்டபத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதில் நின்று காது குத்தும் படங்கள் அத்தனையையும் ஒரே கோணத்தில் எடுத்தேன். வேறு யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது, படத்தில் கை விழும் என்று சட்டமும் போட்டேன். (கீழ்ப்படிந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் நடக்காத விஷயம்.)

பிறகு கணினியில் பார்டர் தேடினேன். மேலே மாவிலைத் தோரணம், இருபக்கமும் பூங்கொடி, இடது கீழ் மூலையில் தோகை விரித்த மயில். சீர்தட்டுகளின் படத்தில் போட்டுப் பார்த்தேன், பிரமாதம். "எல்லாப் படங்களுக்கும் இதையே போடவா?" என்று மென்பொருள் கேட்டது. ஆமாம் என்றேன். "பழைய படங்களின் மேலேயே சேமிக்கவா?" ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் வருங்காலச் சந்ததி குழம்பும் என்று கருதி அதற்கும் ஆமாம் என்றேன். அதே கவலையில் கேமராவில் இருந்ததையும் அழித்தேன். ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் மொத்தத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டு, அந்த வரியை எழுதினேன்.

6.35க்கு போன் வந்தது. என் மனைவி கலாவின் அண்ணன் தேவராஜ். குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தாய்மாமன் என்ற முறையில் அவர் மடியில் உட்காரவைத்துத்தான் மதிக்குக் காது குத்தினோம்.

"மாப்ளே, போட்டோல நான் எங்க கீறேன்?"

"ஏன் மச்சான், எல்லாத்துலயும் இருப்பீங்களே."

"மயிலு கீது. கொயந்த கீது. மயிலுக்கு ரெண்டு கை கீது. மோதிரத்த பாரு. அது என் கை."

திறந்து பார்த்தேன். என் சாக்பீஸ் கோட்டிலிருந்து பார்த்தால் அவர் நாற்காலி இருந்தது இடது கீழ் மூலை. படத்துக்குப் படம் என் மகள் ஒரு மயிலின் மடியில் நிம்மதியாக உட்கார்ந்து காது குத்திக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்," என்றார். "போட்டோல நான் இருந்தா உள்ள வர்றேன். இல்லாங்காட்டி காலி சீர்தட்ட வாசல்லயே வாங்கிகினு போய்னே இருப்பேன். மயிலாண்ட சொல்லி அடுத்த சீரு வாங்கிக்க."

கலா என்னைத் திட்டவில்லை. "பதினோரு தட்டு தூக்கிகினு வந்தாரு எங்க அண்ணன். அவரு மேல மயில உக்கார வெச்சிருக்கீங்க," என்று மட்டும் சொன்னாள். மதிக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அவர் வாசலோடு திரும்பினால் பிறகு எந்த விசேஷமும் விசேஷமாக இருக்காது.

மயிலை அழித்தால் அடியில் வெறும் வெள்ளைதான் இருந்தது. மூன்று மாலைகள் முட்டிமோதிய பிறகு, சனிக்கிழமை எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் சிரிக்கும் பழைய படம் ஒன்று கிடைத்தது. ஸ்கேன் செய்து, மயிலின் உடலை மட்டும் வெட்டியெடுத்து, அந்த இடத்தில் அவரை வைத்தேன். தோகையை விட்டுவிட்டேன். பார்டரை மறுபடி 143க்கும் போட்டேன். (இம்முறை நகல் எடுத்துக்கொண்டு.)

ஞாயிறு காலை 11.05. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார். மடிக்கணினியை அங்கேயே தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சீர்தட்டுகளோடு அவர். ஆசாரியோடு அவர். பந்தியில் தூங்கி வழியும் என் சித்தப்பாவோடு அவர். எல்லாவற்றிலும் முதுகுக்குப் பின்னால் தோகை.

"மாப்ளே, கை கழுவுற போட்டோலகூட நான் கீறேனே."

"ஆமா மச்சான்."

"அப்ப நான் வண்டியாண்ட இல்ல இருந்தேன்?"

"ஆமா மச்சான்."

வழுக்கையைத் தடவிக்கொண்டார். "தலைல முடி வேற கீது."

செருப்பைக் கழற்றினார். "ஊட்ல மாட்டணும். பெர்சா ஒண்ணு போட்டுக் குடு," என்றபடி உள்ளே வந்தார்.

அதன்பிறகு ஆவடியிலும் பருத்திப்பட்டிலும் எங்கள் உறவில் எந்த விசேஷப் படமும் என் பார்டர் இல்லாமல் வெளியே போனதில்லை. யாரை மூலையில் வைப்பது என்று இரு வீட்டாரும் பேசி முடித்த பிறகே என்னைக் கூப்பிடுகிறார்கள். இப்போது நான்காம் வகுப்பு படிக்கும் மதிக்கு அவர் மயில் மாமா. ஆட்டோவின் பின்பக்கம் மயில் வரைந்து வைத்திருக்கிறார். காசு கொடுத்து வரையச் சொன்னது அவரேதான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஊசி இறங்கியபோது குழந்தை அழவே இல்லை, தன் அண்ணன்தான் தேம்பித் தேம்பி அழுதார் என்கிறாள் கலா. அது வியர்வை என்கிறார் அவர். நான் அப்போது கேமராவின் வெளிச்ச அளவைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே சாட்சியான 10.47 மணிப் படத்தில் இப்போது அடர்ந்த முடியோடு அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். "அந்த மயிலு நல்ல மயிலு, மாப்ளே," என்று ஒருமுறை தானாகவே சொன்னார். ஏன் என்று கேட்டதும் ஆட்டோவைக் கிளப்பினார். குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்: "காலை 10.47. காது குத்தியது. அழுதது யார் என்பது சரிபார்க்கப்படவில்லை."