பம்ப் ரிப்பேர், யாரும் வராதீர்கள்

"என் பெட்ரோல் கார்லயே போயிருக்கலாம். கேட்டாத்தானே!" என்றாள் மனைவி டார்லீன், எத்தனையாவது முறையோ.

வெண்டலின் கார் ஹைட்ரஜனில் ஓடுவது. டாரன்ஸ் ஊர் பங்கில் ஹைட்ரஜன் பம்பின் கழுத்தில் 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது. மூன்று மணிக்கு சான் கிளமெண்டே சர்ச்சில் மகள் பெத்தனிக்குக் கல்யாணம். கைபிடித்து அழைத்துப் போக வேண்டிய அப்பா அவர். வண்டியில் இருந்ததோ அவ்வளவு தூரத்துக்குக் காணாது.

லாங் பீச்சுக்கு விரட்டினார். அங்கே பம்ப் நன்றாகத்தான் இருந்தது. குழாய்தான் ஹைட்ரஜனின் குளிரில் உறைந்து, முதல் காரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்தக் கார்க்காரர் அதைக் கட்டிப்பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். பின்னால் தெருமுனை வரை கார்கள்.

"புகையே வராது, வெறும் தண்ணிதான் வரும்னு பீத்திக்கிட்டீங்க. இப்ப எனக்குக் கண்ணுல வருது தண்ணி! இந்த மாதிரி வண்டி வாங்கினவன்ல பாதிப் பேரு வித்துட்டு ஓடிட்டான். இன்னைக்கு மட்டும் லேட்டாகட்டும், நாளைக்கே இதைத் தள்ளிவிடுறேன்."

வெண்டல் செல்போனை எடுத்தார். எந்த பங்க் உயிரோடு இருக்கிறது என்று ஹைட்ரஜன் கார்க்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு குழு உண்டு. அதை நம்பித்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. 'அர்வைன் பங்கில் கூட்டமே இல்லை' என்று யாரோ போட்டிருந்தார். அர்வைன் சர்ச்சுக்குப் போகிற வழிதான்.

"இதைப் பார்த்தா எல்லாப் பயலும் அங்க பாய்வானே!" என்றவர், 'அர்வைன் பம்ப் இப்போதுதான் படுத்துவிட்டது. யாரும் வராதீர்கள்' என்று தட்டிவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! நாலு பேரு நம்புற எடத்துல பொய்யா?"

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தணும்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்?"

அர்வைனில் ஈ காக்கை இல்லை. டாங்க் நிறைந்தது. குழாய் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. கல்யாணக் கோட்டைக் கழற்றிச் சுற்றி, டார்லீனின் சூடான காப்பியை அதன்மேல் ஊற்றி, ஒருவழியாகப் பிடுங்கினார்.

காப்பிக் கறையோடு சர்ச் வாசலில் இறங்கியபோது இன்னும் நேரம் இருந்தது.

"பாத்தியா? மூளை வேணும்!" என்றார் டார்லீனிடம். உயிரே போனாலும் இந்த வண்டியை இனி விற்பதாயில்லை.

பெத்தனி வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தாள்.

"அப்பா, மாப்பிள்ளை நடுரோட்டுல நிக்கிறான்! உங்களை அசத்தணும்னு நேத்துதான் உங்க வண்டி மாதிரியே ஒண்ணு வாங்கினான்; அர்வைன்ல நிரப்ப வந்தவனை, எவனோ ஒரு படுபாவி பம்ப் ரிப்பேர்னு சொல்லித் திருப்பி விட்டுட்டானாம்!"